தொடை மடிப்புக்குக் கீழே

எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, பேச்சியம்மாள் உள்ளங்கையை விரித்து வயிறு முழுவதையும் மூடிக் காட்டினாள்.

"அப்படி இல்லம்மா. ஒரே ஒரு விரல். அந்த விரலால தொட்டுக் காட்டு," என்றேன்.

ஆட்காட்டி விரல் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. கொஞ்சம் தயங்கியது. பிறகு கீழே இறங்கி, வலது தொடை அடிவயிற்றோடு சேரும் மடிப்பையும் தாண்டி, நைட்டியின் மேலேயே ஓரிடத்தில் நின்றது. விரல் நின்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அங்கன நெறி கெட்டி வீங்கிருக்கும்மா. அது கெடக்கட்டும். வயித்து வலிதான் நிக்கவே மாட்டேங்கி."

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வடக்குப்பட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் விடுதியின் மாடி அறை. இடைவெளியில்லாமல் போட்ட கட்டில்கள், ஒரே ஒரு ஜன்னல், கம்பிகளில் காயாத நீலச் சீருடைகள். கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் இருந்தது பச்சையாக இருந்தது. வாந்தியில் சோறு வந்தால் நான் உட்கார்ந்து கதை கேட்பேன். பச்சைப் பித்தமாக வந்தால் உட்காருவதில்லை.

என்னை அழைத்துவந்தவள் ஸ்டெல்லா. விடுதியை நடத்துபவள், உள்ளூர்க்காரி. சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து, இட்லித் தட்டோடு நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"துன்னுட்டு வாங்க டாக்டரம்மா, ஆனா சீக்கிரம் வாங்க. அந்த சங்கரன்கோயில் பொண்ணு முந்தாநேத்துலேர்ந்து வாந்தி எடுத்துகினே கீது. இன்னா விஷயம்னு கமுக்கமா பாத்து எனக்கு மட்டும் சொல்லிடுங்க. நாளைக்கு அவங்க ஆத்தா வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது?"

கல்யாணமாகாத பெண் வாந்தியெடுத்தால் இந்த நாட்டில் ஒரே ஒரு நோய்தான் உண்டு. மருத்துவக் கல்லூரியில் அத்தனை வருடம் படித்ததை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

நாசூக்கு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் என்ன எழுதப்போகிறேன் என்று சொன்னதும், பத்திரிகையிலிருந்து பேசிய தம்பி ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டார்: "குடும்பமா படிக்கிறாங்கம்மா. அந்த இடத்துப் பேரையெல்லாம் கொஞ்சம் நாசூக்கா…"

நாசூக்காகத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள், தம்பி. பேச்சியம்மாளை அந்த வாரம் பார்த்த ஒவ்வொருவரும் நாசூக்கு தவறாதவர்கள். அந்த நாசூக்கு அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன். தொடையிடுக்கு என்றுதான் எழுதுவேன்.

அறையில் இருந்த மற்றப் பெண்களிடம் கேட்டேன். "நேத்துலேர்ந்து இவளுக்குக் காத்துப் பிரிஞ்சுதா?"

கட்டில்கள் குலுங்கின. ஒருத்தி போர்வைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"சிரிக்காதீங்கடி. அது போகலேன்னா ஆளு போயிடும்."

சிரிப்பு நின்றது. "இல்லம்மா," என்றாள் பேச்சியம்மாள் மெதுவாக. "ரெண்டு நாளா எதுவுமே போகல."

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஸ்டெல்லா தன் அகன்ற முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த மருத்துவ வசதிகளிலேயே மிகச் சிறந்தது அந்த முதுகுதான்.

எங்கே என்பதுதான் கேள்வி

வயிற்றுச் சுவர் என்பது தசையாலும் நாராலும் நெய்த ஒரு துணி. நெசவு தளர்ந்த இடத்தில் உள்ளே இருப்பது பிதுங்கும். அதுதான் ஹெர்னியா. தமிழில் குடலிறக்கம். ஊர்ப்பேச்சில் இதை விரைவீக்கத்தோடு சேர்த்துக் குழப்பி, ஆண்களின் நோய் என்று முத்திரை குத்தி, கேலிக்கும் வைத்துக்கொண்டோம்.

எங்கே பிதுங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தொப்புளிலேயே பிதுங்கினால் ஒன்று. பிள்ளை பெற்ற பெண்களிடம் நிறையப் பார்க்கலாம். தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே நடுக்கோட்டில் சட்டைப் பொத்தான் போல ஒரு கொழுப்புத் துண்டு எட்டிப்பார்த்தால் வேறொன்று. பழைய ஆபரேஷன் தழும்பின் மேல் உப்பினால் அது தையலின் வினை.

தொடையிடுக்கில்தான் தகராறு. அடிவயிற்றின் அடியில், நடுவிலிருந்து சற்றே விலகி, எலும்பில் ஒரு சின்ன முண்டு தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பின் பக்கவாட்டு எலும்பு வரை கயிறு போல ஒரு நார் ஓடுகிறது. வீக்கம் அந்த முண்டுக்கு மேலே, உட்பக்கமாக இருந்தால் அது கவட்டுக் குடலிறக்கம். மூட்டை தூக்கும் ஆண்களுக்கு வருவது, பெரும்பாலும் படுத்தால் உள்ளே போய்விடுவது, வருடக்கணக்கில் கூடவே வாழ்கிறவர்களும் உண்டு.

முண்டுக்குக் கீழே, வெளிப்பக்கமாக இருந்தால் அது தொடைக் குடலிறக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது. வாசல் மிகக் குறுகலானது, விளிம்பு விறைப்பானது. உள்ளே நுழைந்த குடல் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும், கழுத்து நெரிபடும், ரத்தம் நிற்கும், அழுகும். மேலே ஓர் அங்குலம் என்றால் தேதி குறித்துக்கொள்ளலாம். கீழே ஓர் அங்குலம் என்றால் வண்டியைக் கூப்பிட வேண்டும்.

என் பேராசிரியர் ஒருவர் கையில் பிரம்போடு வார்டுக்கு வருவார். மார்பிலிருந்து முழங்கால் வரை பார்க்காதவன் வயிற்றைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம். நல்ல சட்டம். ஆனால் பெண்கள் வார்டில் அந்தச் சட்டம் வரும் நேரத்தில் ஆண் மாணவர்களைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஆண்கள் வார்டில் எங்களை. ஆக ஆளுக்குப் பாதி உடம்பு படித்துவிட்டு முழு டாக்டராக வெளியே வந்தோம். நான் மீதிப் பாதியைச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டேன்.

பேச்சியம்மாளின் வீக்கம் பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது. இறுகி, தொட்டாலே துடிக்கவைத்தது. எலும்பு முண்டில் ஒரு விரலை வைத்தேன். வீக்கம் அதற்குக் கீழே, வெளிப்பக்கம். இருமச் சொன்னேன், அசையவில்லை. வயிறு மத்தளமாக உப்பியிருந்தது.

பாடப்புத்தகத்தில் இந்த நோய் பெரும்பாலும் வயதான, பிள்ளை பெற்ற பெண்களுக்கு என்றுதான் போட்டிருக்கும். இருபத்திரண்டு வயதில், ஒடிசலாக, தொழிற்சாலையில் வயர்க்கட்டுகள் சேர்க்கும் லைனில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு வராது என்று எந்தப் புத்தகமும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

சூ

பிறகு காலைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

கம்பெனியில் பாதுகாப்புச் சூ கட்டாயம். முனையில் இரும்பு வைத்தது. ஸ்டோரில் இருப்பதிலேயே சின்ன அளவு, ஆண்களுக்கான சின்ன அளவு. பேச்சியம்மாள் முன்பக்கம் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டாள். குதிகால் உரசிப் புண்ணானது.

"லைன்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் புண்ணு உண்டும்மா. காலு புண்ணானா நெறி கெட்டத்தான செய்யும்? மெடிக்கல் ரூம்லயும் அப்படித்தான் சொன்னாவ."

"எப்படிப் பாத்தாங்க?"

"பேன்ட் மேலயே அமுக்கிப் பாத்தாவ."

"படுக்க வெச்சா?"

"எங்கன படுக்க? கட்டில் மேல சூ பெட்டியா அடுக்கிருக்கு. நின்னுக்கிட்டேதான்."

காலில் புண் இருந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், உண்மைதான். அந்த நெறி கட்டுவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான், அதுவும் உண்மைதான். அதனால்தான் கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். அந்தக் குதிகால் புண் பொருக்குத் தட்டிக் காய்ந்துவிட்டிருந்தது. புண் ஆறிய பிறகும் நெறி பெரிதாகிக்கொண்டே போகுமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் சங்கிலியை எவ்வளவு ஒழுங்காகக் கோத்திருந்தார்கள் பாருங்கள். சூவால் புண். புண்ணால் நெறி. நெறிக்கு மாத்திரை. வாந்தி வந்ததும், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். படப்பை சாலையில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே பிள்ளை இருக்கிறதா என்று சிறுநீர் சோதித்தார்கள். இல்லை என்று வந்ததும் அந்த டாக்டருக்கு நிம்மதி. ஊசி போட்டு அனுப்பிவிட்டார். பிள்ளை இல்லையென்றால் பெண்ணின் வயிற்றில் வேறு என்ன இருந்துவிடப்போகிறது?

ஓய்வு பெற்ற புதிதில், பென்னலூர்ப் பக்கம் ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் பரிசோதனை நிலையம் ஒன்றில் சில மாதம் இருந்தேன். பையன்களை வரிசையாக நிறுத்தி இருமச் சொல்லி ஹெர்னியா பார்ப்பார்கள். பெண்களுக்கு உயரம், எடை, கண், அப்புறம் அந்தச் சிறுநீர்ச் சோதனை. பெண்களுக்கு ஏன் ஹெர்னியா பார்ப்பதில்லை என்று கேட்டேன். நிலையத்தின் மேலாளர் சிரித்தார். "லேடீஸுக்கு ஏது மேடம் ஹெர்னியா?" மறுவாரம் நான் போகவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி.

"ஸ்டெல்லா, வண்டியை எடுக்கச் சொல்லு."

"அப்போ அந்த விஷயம் இல்லியா டாக்டரம்மா?"

"குடல் மாட்டிக்கிட்டிருக்கு. செத்துப்போயிடுவா. உன் விஷயத்தை அப்புறம் பேசலாம்."

நடுவில் இருந்த இடம்

விடுதி வேனில் நெடுஞ்சாலையோரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர். நல்ல பிள்ளை, தூங்காத கண்கள். கதையைக் கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். போர்வையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் குதிகாலைப் பார்த்தார். பிறகு அழகாக இழுத்து மூடினார். மேலேயும் பார்த்தாயிற்று, கீழேயும் பார்த்தாயிற்று. நடுவில் இருந்த இடத்தில்தான் நோய் இருந்தது.

"லிம்ஃப் நோடு மாதிரி இருக்கு மேடம். கால்ல இன்ஃபெக்‌ஷன் இருந்திருக்கு. ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிடும். சண்டே ஸ்கேன் டாக்டர் இல்ல. மார்னிங் பாத்துடலாம்."

"தம்பி, உங்க கையில விரல் இருக்கு. அதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்லையே?"

முகம் சிவந்துவிட்டது. திரையை இழுத்தோம். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். பேச்சியம்மாளிடம் அனுமதி கேட்டு, அவர் விரலைப் பிடித்து எலும்பு முண்டில் வைத்தேன். அவரே நகர்த்திப் பார்த்தார். கீழே. வெளிப்பக்கம். அவர் முகத்திலிருந்து தூக்கம் மொத்தமாகப் போனது. வேறு வார்த்தை பேசாமல், மணிமங்கலத்தில் இருந்த அறுவை நிபுணருக்குப் போன் போட்டார். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் யாரோ திரைக்கு வெளியேதான் நிறுத்தியிருப்பார்கள்.

கோபமெல்லாம், அட்மிஷனும் இன்ஷூரன்ஸும் பார்க்கும் முன்பக்கக் கவுன்ட்டரில் மிச்சமிருந்தது.

"ஹெர்னியாவா மேடம்? அது ப்ளான்டு சர்ஜரில வருது. மண்டே கம்பெனி மெடிக்கல்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வந்தீங்கன்னா அப்ரூவல் போட்டுடலாம்."

இந்த மேஜைகளோடு முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் நான். எந்த வார்த்தைக்கு எந்தக் கதவு மூடும், எதற்குத் திறக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

"அதை அழிச்சிட்டு எழுதுங்க. குடல் அடைப்பு. குடல் நெரிபட்டிருக்கு. உயிருக்கு ஆபத்து. அவசர அறுவை."

"அப்போ ஹெர்னியா இல்லையா மேடம்?"

"ஹெர்னியா, அது நடக்கிற இடத்தோட பேரு. இது அங்க நடந்துகிட்டிருக்கிறதோட பேரு. எழுதுங்க."

எழுதினார். உடனே அடுத்தது. "பேஷன்ட் அன்மேரீடு. ஃபாதர் சைன் வேணும்."

"அவளுக்கு ஓட்டு இருக்கு. நாட்டை யாரு ஆளணும்னு சொல்ல அவ விரல் போதும், அவ குடலை வெட்டறதுக்கு அவ கையெழுத்து போதாதா? பதினெட்டு தாண்டின ஆளு, சுயநினைவோட இருக்கா. வேற யாரும் போட வேண்டியதில்ல. சந்தேகம்னா உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க, நான் இங்கயே நிக்கறேன்."

மேலதிகாரியைக் கூப்பிடவில்லை. ட்ரிப் ஏறும் கையாலேயே பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மைக்கிட்ட வயித்து வலின்னு மட்டும் சொல்லுங்கம்மா. வாந்தின்னு சொல்லிராதிய."

நிறம்

அறுவை நிபுணருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னை உள்ளே வர அனுமதித்தார். கை கழுவிக்கொண்டு, எதையும் தொடாமல், சுவரோரம் நின்றேன். இந்த வேலையில் சும்மா நிற்பதுதான் கடினம்.

அந்தக் குறுகிய வாசலைத் தளர்த்தியதும் குடல் வெளியே வந்தது. ஒரு வளையம். கத்தரிக்காய் நிறம்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது என்ன என்பது வேடிக்கையாகத் தோன்றும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அத்தனை கருவிகளும் சும்மா கிடக்கும். நிறம் திரும்பினால் உயிர் இருக்கிறது. திரும்பாவிட்டால் வெட்டி எறிய வேண்டும்.

நான் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் கதவைச் சாத்தி, ஒரு பெண்ணைப் படுக்கவைத்து, ஒரு விரலை வைத்திருந்தால் இந்தத் துணிக்கு வேலை இல்லை. அந்த ஒரு நிமிடத்தை ஒரு வாரமாக ஒருவரும் கொடுக்கவில்லை. எல்லோரிடமும் மாத்திரை இருந்தது.

துணியை விலக்கினார். விளிம்புகளில் கத்தரி நிறம் வெளுத்திருந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி விலக்கினார். இப்போது மங்கிய இளஞ்சிவப்பு, அதன் மேல் ஒரு சின்ன நெளிவு, மண்புழு நகர்வது போல. யாரோ மூச்சுவிட்டார்கள். நானாகத்தான் இருக்கும்.

நடுவில் ஒரு பகுதி மட்டும் மாறவேயில்லை. சாம்பலாகவே கிடந்தது. இன்னொரு முறை காத்திருந்து பார்த்தார். பிறகு அதை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். சுத்தமான கை. அவரிடம் அதைச் சொன்னேன். நான் யாரிடமும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

சாயங்காலம் மயக்கம் தெளிந்து பேச்சியம்மாள் கண் திறந்தாள். குடலைப் பற்றிக் கேட்பாள், தழும்பைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"அம்மா, என் வயித்துல பிள்ள இல்லன்னு ஸ்டெல்லாக்காட்ட சொல்லிட்டியளா?"

ஸ்டெல்லா கட்டிலின் மறுபக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிவந்திருந்த சாத்துக்குடிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பேச்சியம்மாளுக்கு இன்னும் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

"பேசாத படுடி," என்றாள். "நான் இன்னாத்தயோ நெனச்சிட்டேன். என்னைக் கண்டுக்காத." அப்புறம் அந்தப் பையைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வராந்தாவில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

கட்டில்

உடம்பு தேறி, ஊருக்குப் போய்த் திரும்பி, வேலைக்குப் போகலாம் என்ற சான்றிதழோடு பேச்சியம்மாள் மறுபடி சேர்ந்தாள். கொஞ்ச காலம் எடை தூக்கக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தேன்.

இதற்குள் கம்பெனியும் விழித்துக்கொண்டுவிட்டது. ஸ்டெல்லாதான் செய்தி கொண்டுவந்தாள்.

"டாக்டரம்மா, இப்போ பொம்பளைங்களையும் இருமச் சொல்றாங்களாம். ஹெர்னியா பாக்கறாங்களாம்."

"நல்லது. எப்படிப் பாக்கறாங்க?"

"வரிசையா நிக்க வெச்சு."

"துணி?"

"துணி மேலயேதான்."

தொடைக் குடலிறக்கம் பேன்டோடு நின்று இருமினால் தெரியும் என்றால், நான் எதற்குப் படித்தேன், அந்தப் பெண் எதற்குக் குடலைப் பறிகொடுத்தாள்? இருமல் சத்தத்தைக் கேட்டே ஃபிட் என்று சீல் குத்திவிடுவார்கள் போலிருக்கிறது. ஒரு பெண் செத்துப்போகப் பார்த்தாள். அதிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்டது இருமல். அன்று காலை முழுவதும் ஸ்டெல்லாவிடம்தான் கத்தினேன். பாவம், அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பேச்சியம்மாளே வந்தாள். வேலைக்குத் திரும்பியவர்களையும் மெடிக்கல் ரூமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவளுடைய முறை வந்ததாம். அங்கே ஒரு நர்ஸ், ஓர் அட்டெண்டர்.

"இருமும்மான்னாவ. நான் இருமல. படுக்கவெச்சுப் பாருங்க, கதவச் சாத்துங்கன்னேன். சிஸ்டரு என்னயப் பாக்காவ, கட்டிலப் பாக்காவ. கட்டில் மேல இன்னமும் அந்தச் சூ பெட்டிதான். எங்கன படுக்கன்னு கேட்டாவ. எறக்குங்கன்னேன். அதுக்கு அந்த அட்டெண்டர் அண்ணாச்சி, 'ஒனக்கு வேணும்னா நீயே எறக்கிக்கோ'ன்னு சொல்லுதாரு."

"நீ என்ன சொன்னே?" ஸ்டெல்லா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"சர்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன். 'நான் எடை தூக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி. நீங்கதான் எறக்கணும்.'"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் இருமவில்லையாம். யாரும் நகரவுமில்லையாம். அட்டெண்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். எல்லாம் ஆண்கள் அளவு.

கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகுதான் கட்டில் முழுதாகத் தெரிந்தது. வாங்கும்போது மெத்தை மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவே இல்லை.